கஞ்சி இளகிய வேகம்

என் வீட்டுக்காரரின் தொண்டை வெந்துபோன அன்று நான் எட்டாம் வகுப்பில் உமிழ்நீர்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கதைக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பாடத்திட்டம் அப்படி வந்து மாட்டியது, நான் என்ன செய்வேன்?

எழுபதுகளின் தொடக்கம் அது. விருத்தாசலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர் நான். வீட்டிலிருந்து வடிகஞ்சி கொண்டுபோயிருந்தேன், முதலுதவிப் பெட்டியிலிருந்து டிங்சர் அயோடின். கஞ்சியில் ஒரு சொட்டு விட்டால் கருநீலம். அதில் எச்சில் கலந்து கொஞ்ச நேரம் வைத்தால் நீலம் மறைந்துவிடும். மாவுச்சத்தை எச்சிலில் இருக்கும் நொதி சர்க்கரையாக உடைத்துவிட்டது என்று பொருள். இதைக் காட்ட வேண்டுமென்றால் யாராவது துப்ப வேண்டும். நாற்பது பெண்களில் ஒருத்திகூட முன்வரவில்லை. எச்சில் என்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். உங்கள் வாயில் இருக்கும்வரை அமிர்தம், வெளியே வந்தால் அசிங்கமா என்று திட்டிவிட்டு நானே துப்பினேன். ஒரு குழாயில் கொஞ்சம், இன்னொன்றில் நிறைய. நிறைய விழுந்த குழாயில் நீலம் சீக்கிரம் செத்தது.

பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமே என்று நடவை எடுத்துச் சொன்னேன். ஒரு வயலை நாலு பேர் நட்டால் சாயங்காலம் ஆகும், நாற்பது பேர் இறங்கினால் மத்தியானத்துக்குள் முடியும். நொதியும் ஆள் மாதிரிதான், ஆள் கூடினால் வேலை வேகம். கடைசி பெஞ்சு வாயாடி ஒருத்தி, நானூறு பேர் இறங்கினால் என்ன டீச்சர் ஆகும் என்றாள். வேகமாக முடியும், ஆனால் நடுகிற வயல் அதே வயல்தானே, நெல் அதிகமாகவா விளையும் என்றேன். வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பியூன் வந்து கதவருகில் நின்றார். செராமிக்கிலிருந்து ஆள் வந்திருக்கிறது, உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள் என்றார்.

என் வீட்டுக்காரர் ஒரு தனியார் செராமிக் கம்பெனியில் ஸ்லிப் பிரிவு மேஸ்திரி. ஸ்லிப் என்றால் களிமண் குழம்பு. அதை பிளாஸ்டர் அச்சில் ஊற்றித்தான் கோப்பையும் பொம்மையும் செய்வார்கள். குழம்பு தண்ணியாக இருந்தால் அச்சு ஊறிப்போகும், பொருள் வெடிக்கும். கெட்டியாக இருந்தால் ஊற்றவே வராது. அதற்கு அவர்கள் ஒரு வித்தை வைத்திருந்தார்கள். மண்வெட்டி நிற்கிற கெட்டி மண்ணில் ஒரு குவளை சிலிகேட் கரைசலை ஊற்றிக் கலக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே மண் எண்ணெய் மாதிரி ஓட ஆரம்பிக்கும். கல்யாணமான புதிதில் என்னை அழைத்துப்போய்க் காட்டினார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அவருக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

அந்தக் கரைசலை டிரம்மிலிருந்து இறக்க ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சுவார்கள். வந்ததும் சட்டென்று வாயை எடுத்துவிட வேண்டும். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அன்று கரைசலில் காஸ்டிக் சோடாவும் கலந்திருந்தது. யாரோ கூப்பிட்டார்கள் என்று இவர் திரும்பியிருக்கிறார். ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது.

உயிர் பிழைத்தார். ஆனால் வெந்த உணவுக்குழாய் ஆறும்போது சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் சோறு நின்றது, பிறகு இட்லி, பிறகு குழைத்த ரசம் சாதம். ஐப்பசி வாக்கில் தண்ணீர் மாதிரி இருப்பது மட்டும்தான் இறங்கியது, அதுவும் மெதுவாக, ஒரு தம்ளருக்கு ஒரு யுகம். பால் கொடுத்தால் வயிற்றால் போனது. தன் எச்சிலையே விழுங்க முடியாமல் பக்கத்தில் ஒரு டப்பாவை வைத்துத் துப்பிக்கொண்டிருந்தார். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரிக்கவில்லை, ஆபரேஷன் செய்யலாம் என்றார். ஆனால் இந்த உடம்பு மயக்க மருந்தையே தாங்காது, பொங்கல் கழிந்து அழைத்து வாங்க, எடை ஏறியிருந்தால் செய்கிறேன், இறங்கியிருந்தால் என்னால் ஆகாது என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் இடுப்பில் அரைஞாண் கயிறு தொளதொளவென்று நழுவுவதை மேலே மேலே இழுத்துவிட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் அவருடைய அக்கா. கம்மாபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டு, புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பியோடு வந்து இருந்தவர். அதே கம்பெனியில் மண் தொட்டி கலக்கும் வேலை. தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். தம்பிக்கு ஒன்று என்றால் ஊரை இரண்டாக்கிவிடுவார். எனக்கும் அவருக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது, ஆகும் என்றும் சொல்ல முடியாது. கோபம் வந்தால் என்னை டீச்சரம்மா என்பார். அந்த மாதங்களில் என்னை வேறு பெயரில் கூப்பிட்டதாக நினைவில்லை.

கஞ்சிதான் பிரச்சினை. என் வீட்டுக்காரருக்கு இறங்குகிற அளவுக்குத் தண்ணியாகக் காய்ச்சினால் அதில் மாவு ஒரு பிடிகூட இருக்காது, பேர்தான் கஞ்சி. சத்தாகக் காய்ச்சினால் கரண்டி நிற்கும், தொண்டையில் அடைக்கும், இருமி இருமிக் கண் பிதுங்கும். ஒரு நாளைக்கு அவரால் குடிக்க முடிந்தது சில தம்ளர்கள். அந்தத் தம்ளருக்குள் எதை அடைப்பேன்? உழைக்கிற மனுஷனைத் தண்ணீர் ஊற்றியே கொல்கிறேனே என்று அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேழ்வரகுக் கஞ்சியைக் கெட்டியாகக் கிண்டி இறக்கினேன். தண்ணீர் விட்டு விளாவலாம் என்று நினைத்தபோது அடுத்த வீட்டுப் பெண் ஒரு கிண்ணத்தில் மாவு கொண்டுவந்தாள். அவள் குழந்தைக்காகக் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்தது. வாசனையாக இருக்கும் டீச்சர், அண்ணனுக்குக் கொஞ்சம் போடுங்க என்றாள். ஒரு கரண்டி போட்டுக் கிளறி மூடிவிட்டுத் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்து மூடியைத் திறந்தால் கஞ்சியைக் காணோம். பாத்திரம் நிறையத் தண்ணீர் மாதிரி ஏதோ கிடக்கிறது. யாரோ கொட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டார்கள் என்று எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. வாயில் விட்டுப் பார்த்தேன். இனித்தது. நான் வெல்லமே போடவில்லை.

அப்படியே நின்றேன். பிறகுதான் மண்டையில் உறைத்தது. முளைக்கிற தானியம் தன் மாவைத் தானே உடைத்துத்தானே குருத்துக்குச் சோறு போடுகிறது? எச்சிலில் இருக்கிற அதே சாதி நொதி முளையிலும் இருக்கிறது என்று புத்தகத்தில் ஒரு வரி உண்டு. வருஷா வருஷம் அந்த வரியை மடமடவென்று வாசித்துத் தாண்டிப் போனவள் நான். மாவு முழுக்க உள்ளேதான் இருக்கிறது, துண்டு துண்டாகி இளகிவிட்டது, அவ்வளவுதான். அந்தத் தம்ளரை அவரிடம் கொடுத்தேன். இருமாமல் குடித்தார். குடித்துவிட்டு, இன்னும் இருக்குதா என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது!

அதற்குப் பிறகு அடுப்பங்கரையே எனக்கு ஆய்வுக்கூடம். கொதிக்கிற கஞ்சியில் போட்டால் நொதி வெந்து செத்துவிடும், கஞ்சி அசையாது. ஆறிப்போன கஞ்சியில் போட்டால் தூங்கும். விரல் பொறுக்கிற சூடுதான் சரி. ஒரு கரண்டி மாவு போட்டால் நான் குளித்துத் தலை பின்னிப் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்துக்கு இளகும். இரண்டு கரண்டி என்றால் குளித்துவிட்டு வருவதற்குள். ஆனால் முளைமாவு சும்மா வருமா? கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி, முளை விட்டதும் காயவைக்க வேண்டும். கார்த்திகை மழையில் எதைக் காயவைப்பது? வறுத்தாலும் நொதி செத்துவிடும். அதனால் மாவை மிச்சம் பிடித்து, ஒரு கரண்டியே போட்டு, மெதுவாக இளகட்டும் என்று மூடிவைத்துவிட்டுப் போவேன். மத்தியானம் அக்கா வந்து அதைச் சுடவைத்துக் கொடுப்பார். தண்ணியக் குடுத்தே ஆளை ஓட்டுறா என்று தெருவில் சொன்னாராம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? விளக்கிச் சொல்லலாம் என்று ஒருமுறை, முளைமாவு எச்சில் மாதிரி வேலை செய்யுது அண்ணி என்று ஆரம்பித்தேன். நான் கஞ்சியில் துப்புகிறேன் என்று மறுநாள் தெரு முழுக்கப் பேச்சு. அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

ஜங்ஷன் பிளாட்பாரத்தில் காசு போட்டால் எடைச் சீட்டு துப்பும் மிஷின் ஒன்று இருந்தது. வாராவாரம் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் ஏற்றுவேன். சீட்டின் பின்பக்கம் உங்களுக்கு ராஜயோகம் என்று அச்சடித்திருக்கும். அதை விடுங்கள், முன்பக்கத்தில் எண் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அரைஞாண் நழுவுவது நின்றது.

மார்கழியில் ஒரு காலை. அன்று பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன், சீக்கிரம் போக வேண்டும். கம்பெனியில் சூளை ரிப்பேர் என்று அக்கா வீட்டில் இருந்தார். இரண்டு நாள் வெயில் அடித்ததில் மாவும் தாராளமாக இருந்தது. நேரமில்லை என்று கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டுக் கிளறினேன். கரண்டி நின்றுகொண்டிருந்த கஞ்சி, கிளறக் கிளற, என் கைக்கடியிலேயே மளமளவென்று இளகி விழுந்து ஓட ஆரம்பித்தது. நிமிர்ந்து பார்க்கிறேன், அக்கா அடுப்பங்கரை வாசலில் நிற்கிறார். முகம் வெளுத்திருந்தது.

"என்னாத்த ஊத்துன?"

"ஊத்தலிங்க அண்ணி. முளைகட்டுன மாவுதான்."

"மாவு போட்டா கெட்டியாவும்டி. எங்கனா இளவுமா? பத்து வருசமா தொட்டி கலக்குறேன், எனக்குத் தெரியாதா? சிலிகேட்டு ஊத்துனாத்தான் இப்பிடி வுழும்."

மெதுவாக இளகியிருந்தால் அவர் பார்த்திருக்கவே மாட்டார். நான் அள்ளிப் போட்ட அளவும் அது விழுந்த வேகமும்தான் என்னைக் காட்டிக்கொடுத்தன. அவர்மேல் இன்று எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்று இருந்தது, வண்டி வண்டியாக இருந்தது. தண்ணீர் விடாமல் கெட்டிப் பண்டம் ஓடுவதை அவர் வாழ்க்கையில் ஒரே இடத்தில்தான் பார்த்திருந்தார். அதை ஓட வைத்த பொருள்தான் அவர் தம்பியின் தொண்டையை வேகவைத்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையைப் பார்த்தால் என்ன நினைக்கும்?

பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் சாக்கடையில் கவிழ்த்தார். மாவு டப்பாவும் பின்னாலேயே போனது. நான் கத்தினேன், அவரும் கத்தினார், அக்கம்பக்கம் கூடியது. அதெல்லாம்கூட எனக்கு வலிக்கவில்லை. என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். கரண்டியில் ஒட்டியிருந்த கஞ்சியை இரண்டு விரலால் தொட்டு, தேய்த்து, உற்றுப் பார்த்தார். ஸ்லிப் தொட்டி முன்னால் நின்று வழவழப்புப் பார்ப்பாரே, அதே மாதிரி. பிறகு என்னைப் பார்த்தார்.

"நெசமா என்ன போட்ட?" என்றார். தொண்டை வெந்த பிறகு அவருக்குக் குரல் கிடையாது, காற்றுதான் வரும். அந்தக் காற்றில் வந்த கேள்வியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் கேட்டதற்கெல்லாம் என்ன சொன்னேன் என்று தெரியாது.

அன்றிலிருந்து என் தம்பிக்கு நானே வடிக்கிறேன் என்று அக்கா அடுப்பைப் பிடித்துக்கொண்டார். பாசத்தைக் கொட்டித்தான் காய்ச்சினார், கெட்டியாக, மணக்க மணக்க. தம்பியால் விழுங்க முடியாது. இருமுவார், கண்ணீர் வரும். பிறகு அக்கா துணியில் வடிகட்டி மேல்தண்ணீரைக் கொடுப்பார். சத்தெல்லாம் துணியில் நிற்கும். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் பொறுக்காமல், துணிக்குக் கொடுக்கிறீர்களா தம்பிக்குக் கொடுக்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். நெருப்புன்னா வாய் வெந்துடுமா, சிலிகேட்டுன்னா வேவும் டீச்சரம்மா என்றார்.

அந்த வாரம் ஜங்ஷன் மிஷினில் எண் இறங்கியிருந்தது. அடுத்த முறை இன்னும் இறங்கியது. அரைஞாண் மறுபடி நழுவியது. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து சீட்டை அவர் கையில் கொடுத்தேன். பொங்கல் வந்துகொண்டே இருக்கிறது, உங்களுக்கு நான் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல இப்போது பேச்சு, கஞ்சி வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். ரயில் ஒன்று வந்து போனது. சீட்டை மடித்துக்கொண்டே, அக்கா முன்னாடி செஞ்சு காட்டு என்றார்.

அடுத்த வீட்டுப் பெண்ணிடம் மிச்சமிருந்த மாவைக் கெஞ்சி வாங்கினேன். கஞ்சி அக்கா காய்ச்சியது, பாத்திரம் அக்கா விளக்கியது, கரண்டி அக்கா கையில். நான் தள்ளி நின்றேன். சூடு மட்டும் விரல் பொறுக்கிற அளவுக்கு ஆறட்டும் என்றேன். அக்கா கிண்ணத்தில் கொஞ்சம் கஞ்சி எடுத்து மாவை மோந்து பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்து, ஒரு சிட்டிகை போட்டுக் கிளறினார். ஒன்றும் ஆகவில்லை. பாத்தியா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் கரண்டி லேசாகச் சாய்ந்தது. அக்கா அதை நிமிர்த்தி வைத்தார். மறுபடி சாய்ந்தது.

"மாவுலயும் ஏதோ கலந்திருக்குது" என்றார் அக்கா. குரல் பழைய குரலாக இல்லை.

அப்போதுதான் கட்டிலில் கிடந்தவர் கையைத் தட்டினார். அக்காவை அருகில் கூப்பிட்டார்.

"சிலிகேட்டு அளவுக்கு மேல ஊத்துனா மண்ணு என்னாவும்க்கா?"

"திரும்பக் கட்டிக்கும்" என்றார் அக்கா. "தொட்டியே வீணாப் போவும்."

"அப்ப அந்த மாவை அள்ளிப் போடு."

நான் எட்டாம் வகுப்பில் நடத்திய பாடத்தை அவர் தன் தொட்டியிலிருந்து எடுத்தார். அது எனக்கு அந்த நிமிஷம் புரியவில்லை, அக்காவுக்குப் புரிந்தது. மாவில் சிலிகேட் இருந்தால், அள்ளிப் போட்டதும் கஞ்சி திரும்பக் கட்டிக்கொள்ள வேண்டும். மிச்சக் கஞ்சியை இன்னொரு கிண்ணத்தில் ஊற்றினார். மாவைக் கரண்டி கரண்டியாக, கோபமாக, வேண்டுமென்றே அள்ளிப் போட்டார். கஞ்சி கட்டிக்கொள்ளவில்லை. முதல் கிண்ணம் அத்தனை நேரம் எடுத்துக்கொண்டதை இது கண்மூடித் திறப்பதற்குள் முடித்தது. போடப் போட வேகம்தான் கூடியது. அக்கா கரண்டியைத் தூக்கித் தூக்கி ஊற்றிப் பார்த்தார், நூல் மாதிரி ஒழுகியது.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு அந்தக் கஞ்சியைத் தம்ளரில் ஊற்றி என் முன்னால் நீட்டினார். "மொதல்ல நீ குடி" என்றார். என்மேல் வைத்த சந்தேகத்தில் அதுதான் கடைசித் துளி. வாங்கிக் குடித்தேன். உதட்டில் வைத்து, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், வேண்டுமென்றேதான் குடித்தேன். அரைத் தம்ளர் ஆனதும், மிச்சத்தை வேற தம்ளர்ல ஊத்தறேன் குடு என்று அக்கா கை நீட்டினார். பெண்டாட்டி எச்சிலைப் புருஷன் குடிப்பானா எங்கள் பக்கத்தில்? அவர் சாப்பிட்ட இலையில் நான் சாப்பிட்டிருக்கிறேன், ஊரே செய்வதுதான். அது மாறி நடந்து யாரும் கண்டதில்லை. என் வீட்டுக்காரர் அக்காவின் கையைத் தாண்டி என் கையிலிருந்த தம்ளரைப் பிடுங்கினார். விளிம்பைத் துடைக்கவில்லை. நான் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்து, மெல்ல மெல்ல, முழுவதும் குடித்தார். அக்கா எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது முளைகட்டிய கேழ்வரகு மூட்டையை அக்கா தூக்கிக்கொண்டார். எங்கே என்றேன். சூளைச் சுவரோரம் இதமான சூடு, மழைக்கும் நனையாது, கேழ்வரகு வேவாது, காயும் என்றார். நான் சொல்லாமலே வேகக் கூடாது என்பது அவருக்குப் பிடிபட்டிருந்தது. அதற்குப் பிறகு எங்களுக்கு மாவுக்குப் பஞ்சமில்லை. வேளைக்கு இன்னும் நாலு கரண்டி போட்டால் இன்னும் சீக்கிரம் எடை ஏறுமா என்று என்னிடம் கேட்டார். கஞ்சி சீக்கிரம் இளகும் அண்ணி, உடம்பு சீக்கிரம் தேறாது, ஏனென்றால் உள்ளே போகிற கேழ்வரகு அதே கேழ்வரகுதான் என்றேன். அந்த வாயாடிப் பெண்ணுக்குச் சொன்ன பதில். அக்கா சிரிக்கவில்லை.

பொங்கல் கழிந்து மூன்று பேரும் பாண்டிச்சேரி போனோம். டாக்டர் எடை பார்த்தார். கொஞ்சம் குறைகிறது என்றார். கொஞ்சம்தான், ஆனால் நான் துணிய மாட்டேன், இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம், தாங்கினால் அழைத்து வாங்க. தாங்கினால் என்ற வார்த்தை மூன்று பேர் காதிலும் விழுந்தது. திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பஸ் வடலூர் தாண்டியது. பிறகு என் பக்கம் திரும்பாமலே, "துணியில வடிச்சனே, அதான் கொறையிது" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சிலிகேட் பட்டுப் பட்டு வெடித்த கை, மரப்பட்டை மாதிரி இருந்தது.

தாங்கினார். அந்த ஒரு மாதம் நாங்கள் எப்படி மூச்சுவிட்டோம் என்பது எங்கள் ஊர்ப் பழமலைநாதருக்குத்தான் தெரியும். மாசிக் கடைசியில் ஆபரேஷன் நடந்தது. பங்குனியில் ரசம் சாதம் சாப்பிட்டார். அடுத்த ஆடியில் பழைய சோறும் வெங்காயமும். கம்பெனிக்குத் திரும்பினார், ஆனால் குழாயை வாயால் உறிஞ்சும் வேலையைத் தன் பிரிவில் ஒருவரையும் செய்யவிடவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. அன்றைக்கு என் எச்சில் தம்ளரைப் பிடுங்கிக் குடித்தாரே, அது பழக்கமாகிவிட்டது. காபியோ மோரோ, எதைக் கொடுத்தாலும் முதலில் என் பக்கம் நீட்டுவார். நான் ஒரு வாய் குடித்துத் தந்த பிறகுதான் குடிப்பார். வருஷக்கணக்காக. விருந்தாளிகள் முன்னாலும் நீட்டுவார். பார்க்கிற பெண்கள் என் அதிர்ஷ்டத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்கள், இப்படி ஒரு புருஷனா என்று. அக்கா மட்டும் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பார்க்கமாட்டார். ஏதாவது சாக்கு வைத்து எழுந்து போய்விடுவார். அவரைத் தவிர, எனக்கும் அக்காவுக்கும்தான் அந்தத் தம்ளர் எங்கே தொடங்கியது என்று தெரியும்.

நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் சாயங்காலம், அக்கா வீட்டில் இல்லாதபோது, நீட்டிய காபியை வாங்காமல் கேட்டேவிட்டேன்.

"இது ஆசையிலயா, இல்ல இன்னும் மனசுல அந்தச் சந்தேகமா?"

அவர் தம்ளரை நீட்டியபடியே இருந்தார். இரண்டு விரல் தம்ளர் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"ஆறிப் போவுது" என்றார். "குடி."

குடித்தேன்.